செவலைக்கு நான் வைக்காத தண்ணீர்

நாயை ஊர்தியாகக் கொண்ட வைரவப் பெருமானே, சூலம் ஏந்திய கையாலேயே அந்த ஊர்தியின் தலையையும் தடவிக்கொடுப்பவனே, நான் எழுதப்போவது உன் ஊர்திக்கு நான் இழைத்த பிழையை. அதில் எதையும் மறைக்காத துணிவை எனக்குத் தா. என் சினம் பிறரைச் சுடுவதற்கு முன் என்னைச் சுடட்டும்.

இன்று கார்த்திகைத் தேய்பிறை அட்டமி, வைரவருக்கு உகந்த நாள். விடியலில் நீராடி, கோயிலில் வடைமாலை சாத்தி, நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்து இதை எழுத அமர்ந்திருக்கிறேன். விளக்கேற்றியும் மனம் அடங்கவில்லை.

காரணம் நேற்றுக் கடைவீதியில் நடந்தது. பொகவந்தலாவையில் புடவைக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவருக்கு, சீமைக்குத் திரும்பிப்போன தோட்டத்துத் துரை ஒருவர் உயர்சாதி நாய்க்குட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னைத் தெருவில் கண்டதும் முதலாளி கடைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"சாமி, வாங்க வாங்க! ஒங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன். அந்தக் காலத்துல ஒங்க நாய் 'இரு'ன்னா கல்லு மாதிரி இருக்குமாமே! அந்த வித்தைய நம்ம குட்டிக்கும் சொல்லிக் குடுங்க. உக்காரணும், வர்றவங்களுக்குக் கை குடுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

குட்டி மேசைக்காலில் ஒரு முழச் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. அதன் முன்னால் ஒரு தட்டில் பிஸ்கட் நொறுங்கிக் கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது.

"தண்ணி எங்க?" என்று கேட்டேன்.

"கடைக்குள்ள வச்சா கவுத்து விட்டுச் சீலையெல்லாம் நனச்சிரும் சாமி. சாயந்தரம் வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கும்."

நான் அவரை ஏசிவிட்டேன். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து ஒதுங்கும் அளவுக்கு ஏசினேன். ஒரு சட்டி தண்ணீருக்காக இந்தக் கிழவன் ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவருக்காகவும், நாய் வளர்க்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் இந்தப் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தோட்டம் ஒன்றில், தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் வேலை செய்தவன். பறித்து வந்த கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி வாடவைக்கும் இடம் அது. மாலையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பதிகங்கள் பாடுவேன். அதனால் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள் என்னைச் சாமி என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்வதற்காக நான் செய்த மூடத்தனங்கள் பல.

இலங்கை சுதந்திரம் பெற்று நான்கைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒருநாள் மாலை என் மனைவி கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து திரும்பும்போது, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் எதையோ சுற்றிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். பிரித்தால் ஒரு பெட்டை நாய்க்குட்டி. கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், கிடந்ததாம். நிறத்தைப் பார்த்துச் செவலை என்றே அழைத்தோம்.

அந்தக் காலத்தில் எங்கள் லயங்களில் நாய் வளர்த்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ரோஷம் வரவேண்டும் என்று கத்தியைக் காய்ச்சிக் காதை அறுப்பார்கள். கடிக்கப் பழக வேண்டும் என்று ரொட்டிக்குள் காரக் கொச்சிக்காயை வைத்து ஊட்டுவார்கள். பகல் முழுவதும் அரை முழக் கயிற்றில் கட்டி வைத்துவிட்டு, அவிழ்த்ததும் ஓடுகிறது என்று விறகுக்கட்டையால் அடிப்பார்கள். அடிபட்ட நாய் அதற்குப் பிறகு எவன் கையைக் கண்டாலும் பல்லைக் காட்டும். "பாத்தீங்களா, நல்ல ரோஷமான நாய்!" என்று அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. செவலையின் காதில் கத்தி படவில்லை. ஒரு காரியத்துக்கு ஒரே சொல், அந்தச் சொல்லுக்கு ஒரே குரல் என்று வைத்துக்கொண்டேன். ரொட்டித் துண்டை அதன் மூக்குக்கு மேலே உயர்த்தினால் தலை நிமிரும். தலை நிமிர்ந்தால் பின்பாகம் தானாகத் தாழும். தாழ்ந்த அந்தக் கணமே "இரு" என்று சொல்லி ரொட்டியைக் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் எதற்காகக் கொடுத்தோம் என்பது அதற்கு விளங்காது. காலையில் சிறிது, மாலையில் சிறிது, அதற்குச் சலிப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நெறியைக் கடைப்பிடித்தேன். என் அழைப்புக்கு வந்த நாயை ஒருநாளும் அடித்ததில்லை. அது எந்தக் குற்றம் செய்திருந்தாலும் சரி, "வா" என்றதும் வந்துவிட்டால் தடவித்தான் கொடுப்பேன். அழைத்துவிட்டு அடித்தால், நாய் குற்றத்தை மறந்துவிடும்; அழைப்பைத்தான் அஞ்சும்.

இரண்டு மாதத்தில் செவலை தொழிற்சாலைப் படிக்கட்டின் கீழே நான் "இரு" என்று சொன்ன இடத்தில், மழை வந்தாலும் நகராமல் இருக்கப் பழகிவிட்டது. தோட்டமே வந்து பார்த்தது. அதன் கழுத்தில் அரசாங்கத்து நாய்ப் பதிவு வில்லையையும் மாட்டினேன். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்த கவ்வாத்துக்காரர், அதாவது தேயிலைச்செடி வெட்டுபவர், அதைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"குடுத்து வச்ச நாயி சாமி. இந்த நாட்டுல இதுக்காவது பதிவு இருக்கு. நமக்கு அதுவும் இல்ல!"

குடியுரிமை பறிபோயிருந்த நாங்களும் சிரித்தோம். வேறென்ன செய்வது.

இனிச் சொல்வதுதான் என் குற்றம்.

மலைநீர் தகரக் குழாய்வழியே வழிந்து விழும் இடத்தை நாங்கள் பீலி என்போம். லயத்தின் குளிப்பும் துவைப்பும் குடிநீரும் அங்கேதான். வழிந்த நீர் கீழே ஒரு பள்ளத்தில் தேங்கி, பாசி படர்ந்து கிடக்கும். அட்டைகள் நிறைந்த பள்ளம். நான் செவலைக்கு வீட்டில் ஒரு பாத்திரத்திலும் தண்ணீர் வைக்க விடவில்லை. பூசை செய்கிற வீடு, பதிகம் பாடுகிற வாய், அபிடேகத்துக்கு நீர் எடுக்கிற செம்பு. நாய் வாய் வைத்தால் தீட்டு. ஆகவே அந்தப் பள்ளத்துக்குப் போய்க் குடிக்கும்படி அதைப் பழக்கினேன். சொன்னேனே, நான் நன்றாகப் பழக்கக் கூடியவன்.

"ஏங்க, ஒரு மண்சட்டியில தண்ணி வச்சா சாமி கோவிச்சுக்குமா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒனக்கு ஆசாரம் தெரியாது. சும்மா இரு" என்றேன்.

நம் அடியார்கள் இறைவன் முன் நின்று தங்களை நாயினும் கடைப்பட்டவர்கள் என்று உருகினார்கள். நானும் அந்தச் சொற்களை அன்றாடம் கண்ணீர் மல்கப் பாடினேன். பாடிவிட்டு இறங்கி வந்து, மெய்யான நாய் ஒன்று என் வாசலில் தாகத்தோடு நிற்பதைக் கண்டு விரட்டினேன். அந்தப் பாட்டுக்கு என்ன பொருள்? என் தொண்டை இனிமையாக இருந்தது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

அந்த ஆண்டு ஆடி மழை விடாமல் பெய்தது. ஒருநாள் செவலை தும்மத் தொடங்கியது. மறுநாள் தலையை உதறிக்கொண்டே திரிந்தது. முன்னங்காலால் மூக்கைப் பிறாண்டியது. மூன்றாம் நாள் ஒரு பக்க மூக்கிலிருந்து இரத்தம் சொட்டியது. தொட்டுப் பார்க்கப் போனேன். பல்லைக் காட்டி உறுமியது. என்னைப் பார்த்து அது உறுமியது அதுவே முதல் தடவை.

கவ்வாத்துக்காரர் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார். "ஐயோ சாமி! வெறி புடிச்சிருச்சு!" என்று லயம் முழுவதும் கேட்கக் கத்தினார்.

அவருடைய அச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். முந்திய ஆண்டு தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி வெறிநாய் கடித்து, தண்ணீரைக் கண்டு அலறி இறந்துபோனாள். அதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதன் பிறகு தோட்டத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. நாய்க்கு வெறி என்று சொல்லப்பட்டால், காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தக் களத்தில், நாயின் சொந்தக்காரரே எல்லார் முன்னிலையிலும் "வெறிதான்" என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகு தன் கையாலேயே நாயைக் கொண்டுபோய்ப் பீலிக்கு அப்பால் நிற்கும் டர்பன்டைன் மரத்தில் கட்ட வேண்டும். வெளிவேலையைப் பார்க்கும் கண்டாக்கையா நண்பகலில் வந்து சுடுவார். பின்னால் பழி யார்மீதும் வரக்கூடாது என்று செய்துகொண்ட ஏற்பாடு. எங்களவர்களின் புத்தி அப்படி வேலை செய்தது. நாயைப் பார்ப்பதற்கு ஓர் ஏற்பாடும் செய்யவில்லை.

பெரட்டுக்குப் போகும் முன் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, நேத்துக்கூட அது பள்ளத்துல தண்ணி குடிச்சுச்சுங்க. நான் பாத்தேன். வெறி நாயி குடிக்குமா?"

"உறுமுச்சே, அது என்ன?"

"மூக்கு நோகுதுங்க. ஒங்களுக்கு மூக்குல வலின்னா, நான் தொட வந்தா நீங்க கொஞ்சுவீங்களா?"

எனக்கு அப்போது செவலையைப் பற்றிய கவலை பாதிதான். மறுவாரம் கோயில் திருவிழா. சாமி வீட்டு நாய் யாரையாவது கடித்துவிட்டால் என் பெயர் என்னாவது என்பதே மீதிக் கவலை.

பெரட்டில் கங்காணி கேட்டார்: "சாமி, ஊரு பேசுது. ஒங்க வாயால சொல்லுங்க. வெறியா, இல்லையா?"

நூறு முகங்கள் என்னையே பார்த்தன. "வெறிதான்" என்றேன்.

நண்பகலுக்குச் சற்று முன் நான் லயத்துக்கு வந்தேன். செவலை விறகடுக்கின் பின்னால் சுருண்டு படுத்திருந்தது. யாரும் கிட்டப் போகத் துணியவில்லை. கயிறு எறிந்து பிடிக்கலாமா, தடியால் அமுக்கலாமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒன்றும் தேவைப்படவில்லை. நான் "வா" என்றேன். எழுந்து வந்தது. தும்மிக்கொண்டே, தலையை உதறிக்கொண்டே, என் காலுக்குப் பக்கத்தில் நடந்து மரம்வரை வந்தது. கட்டினேன். "இரு" என்றேன். உட்கார்ந்தது.

கண்டாக்கையா துப்பாக்கியைத் திறந்து தோட்டா போட்டபடி, "அடடா, வெறிநாயா இது? என்ன அழகா உக்காந்திருக்கு!" என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் நான் விலகி நின்றேன்.

அழைத்து அடித்ததில்லை என்று பெருமை பேசினேனே, அந்த நான்.

புதைப்பதற்கு மண்வெட்டியோடு திரும்பி வந்தபோது, என் மனைவி எனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் அபிடேகத்துக்கு நீர் எடுக்கும் செம்பு இருந்தது. செவலையின் முகத்தில் இருந்த இரத்தத்தை அவள் அந்தச் செம்புத் தண்ணீரால் கழுவினாள். குளிர்ந்த நீர் மூக்கில் வழிந்தது. அப்போது அந்த மூக்குத் துளையிலிருந்து கறுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. நீண்டது. நனைந்த மயிரின்மேல் வளைந்து வெளியே வந்தது. என் சுண்டுவிரல் நீளத்துக்கு, இரத்தம் குடித்துக் கொழுத்த அட்டை.

அவள் அதை இலையால் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"பாருங்க. இதாங்க ஒங்க வெறி."

அதற்குப் பிறகு பல நாள் அவள் என்னோடு பேசவில்லை. அந்தச் செம்பை அவளே கழுவிப் பழைய இடத்தில் வைத்தாள். நானும் அதில்தான் நீர் எடுத்தேன். தீட்டு என்ற சொல் எங்கள் வீட்டில் பிறகு ஒலிக்கவில்லை.

மறுநாள் காலை அந்த அட்டையை உப்புநீர்ப் போத்தலில் போட்டுப் பெரட்டுக்கு எடுத்துப் போனேன். கண்டாக்கையாவின் மேசைமேல் வைத்தேன்.

"என்ன சாமி, தீர்த்தமா?" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள்.

"நேத்து நீங்க சுட்ட வெறி இதுக்குள்ள இருக்கு. நல்லா பாருங்க."

கூட்டம் நெருங்கி வந்தது. நான் நடந்ததை முழுக்கக் கூவிச் சொன்னேன். மூக்கைக்கூடப் பார்க்காமல் கொன்றுபோட்டோமே என்று அவரை ஏசினேன், கங்காணியை ஏசினேன், கவ்வாத்துக்காரரைப் பெயர் சொல்லி ஏசினேன். கண்டாக்கையா முடியும்வரை கேட்டார்.

"நான் எங்க வெறின்னு சொன்னேன்? ஒங்க வாயால சொன்னீங்க. இந்தா, இவ்வளவு பேரும் சாட்சி" என்றார்.

அது உண்மை. என் சினம் போய் முட்டுவதற்கு இடமின்றி என்னிடமே திரும்பி வந்தது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

போத்தலை எடுத்துக்கொண்டு தோட்டத்து மருந்துக்காரரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் என்னட்ட ஒரு சொல் கேட்கேல்லை? நாயைப் பத்து நாள் தனிய அடைச்சு வைச்சுப் பாத்திருக்கலாம். விசர் நாயெண்டா அதுக்குள்ள தானாச் செத்துப்போகும். தண்ணி குடிச்சா விசர் இல்லையெண்டும் சொல்லேலாது. ஆனபடியால்தான் அடைச்சு வைக்கிறது. கையைக் கிட்டக் கொண்டுபோகாமல், கதவுக்கு வெளியால நிண்டு பாக்கவேணும். கடிபட்டவை இருந்தா உடன இஞ்ச வரவேணும்."

அவரை விடாமல் நச்சரித்து, தோட்டத்துத் துரைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வைத்தேன். துரை பழைய மாட்டுக்கொட்டில் ஒன்றை அதற்கென விட்டுக்கொடுத்தார். பெரட்டில் வாயால் சொல்லி நாயைக் கொல்லும் வழக்கம் அத்தோடு நின்றது. கண்டாக்கையாவுக்கு அது பிடிக்கவில்லை. "சாமியோட நாய் ஆஸ்பத்திரி" என்று போகிறபோதும் வருகிறபோதும் கேலி செய்தார்.

அடுத்த ஆண்டு மழையில் கவ்வாத்துக்காரருடைய நாய் தும்மியது. அவர் என்னிடம் நேரில் வர வெட்கப்பட்டு மனைவியை அனுப்பினார். நான் போனேன். அன்பினால் போகவில்லை, கோபத்தோடுதான் போனேன். நாயைக் கொட்டிலில் அடைத்து, தகரத் துளைவழியே சோறும் நீரும் தள்ளி, பத்து நாளும் காத்திருந்தோம். நாய் நன்றாகத் தின்றது, தும்மலும் நிற்கவில்லை. பதினோராம் நாள் மருந்துக்காரர் பார்த்து, இனித் தொடலாம் என்றார். காலையிலிருந்து தண்ணீர் கொடாமல் வைத்து, வாயைத் துணியால் தளரக் கட்டி, நண்பகலில் ஒரு வெள்ளைப் பேசின் பாத்திரத்தில் குளிர்ந்த நீரை மூக்கு படும்படி வைத்தோம். நீரின் குளுமைக்கு அட்டை வெளியே தலை நீட்டும். நீட்டியதும் இழுத்தால் வழுக்கி உள்ளே போய்விடும். கால்பங்கு வெளியே வரும்வரை அசையாமல் இருந்து, சாம்பல் தொட்ட துணியால் பற்றி, அது தானாக விடும்வரை பிடித்திருக்க வேண்டும். வெடுக்கென்று பிடுங்கினால் புண்ணாகும்.

நாயைப் பிடித்துக்கொண்டிருந்த கவ்வாத்துக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சாமி, ஒரு பதிகம் பாடுங்க. கேட்டுக்கிட்டே வெளிய வந்துரும்."

"வாய மூடிக்கிட்டு நாயப் புடிங்க."

அட்டை வந்தது. உப்பில் போட்டேன். அவர் நாயின் தலையில் தன் தலையை வைத்துக்கொண்டார். பிறகு, "அன்னைக்கி மொதல்ல கத்துனது நான்தான் சாமி" என்றார்.

"தெரியும். நாளையிலிருந்து இதுக்கு வீட்டுலயே தண்ணி வைங்க" என்றேன்.

புடவைக்கடை முதலாளி அவர்களே, நீங்கள் கேட்ட வித்தை மேலே இருக்கிறது. ஒரு ரொட்டித் துண்டும் பொறுமையும் போதும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. குட்டிக்கென்று கனமான மண்சட்டி ஒன்றை வைத்து, காலையும் மாலையும் நீரை மாற்றுங்கள். கானிலும் பள்ளத்திலும் குடிக்க விடாதீர்கள். மழைநாளில் வெளியே போய் வந்தால் கால்விரல் இடுக்கு, காதின் உட்புறம், வாலின் அடி எல்லாம் விரித்துப் பாருங்கள். அட்டை கடித்திருந்தால் பிய்க்காமல் உப்பைத் தொட்டு வையுங்கள். சங்கிலியை நீளமாக்குங்கள். பேசத் தெரியாத உயிர் உறுமினால், எங்கே நோகிறது என்று முதலில் கேளுங்கள். இவ்வளவும் செய்த பிறகு அதை உட்காரச் சொல்லுங்கள். நாம் சொல்வதை அது கேட்கப் பழகுவது எளிது. அது சொல்வதை நான் கேட்கப் பழகுவதற்கு ஓர் உயிர் பலியாயிற்று.

அதன் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள் வளர்ந்தன. அழைத்தால் வரும். "இரு" என்ற சொல்லை மட்டும் அவற்றுக்கு நான் கற்பிக்கவில்லை.

இன்று மாலை உங்கள் கடைக்கு வருகிறேன். நேற்று ஏசியதற்கு மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. வாயகன்ற மண்சட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அதைக் குட்டியின் முன்னால் வைத்து, அது குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். சேலை நனைந்தால் நனையட்டும்.

இதைப் படித்தவர்களும், பிறர் படிக்கக் கேட்டவர்களும், அவர்கள் வாசலில் படுத்திருக்கும் வாயில்லா உயிர்களும் நோயின்றி, பசியின்றி, தாகமின்றி நீடு வாழ்க. நாய் ஊர்ந்து வரும் பெருமான் உங்கள் இல்லம்தோறும் காவல் நிற்க. என்னைப்போல் பிழைத்தவர் யாரேனும் உங்களில் இருந்தால், அவருக்குப் பிழையைச் சொல்லும் வாயையும் திருத்தும் கையையும் அவன் அருள்க.